குரலில் தானாக வரட்டும், விரலில் பழக்கினால்தான் வரும்

வில்லை நேராக இழுக்கவே இன்னும் கை பழகாத பிள்ளைகள் வயலின் வகுப்பில் என்னிடம் கேட்கும் கேள்வி, "ரீச்சர், அந்த நடுக்கத்தை எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்பதுதான். பாட்டு வகுப்புக்கு வருபவர்கள் இதைக் கேட்பதில்லை. அவர்கள் ஏற்கெனவே நடுக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பார்த்து ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் ஆட்டி முடிக்கும் பழக்கம் எங்கள் திருகோணமலையின் உப்புவெளிவரை வந்து சேர்ந்துவிட்டது.

திருகோணமலையில் பாட்டு, வயலின் இரண்டையும் கற்பிக்கிறவள் நான். மேல்நாட்டு இசையில் வைப்ராட்டோ என்று சொல்லப்படும் இந்த அசைவு, குரலுக்கு வருகிற வழி வேறு, விரலுக்கு வருகிற வழி வேறு. குரலில் அதைச் செய்யப் போனால் குரல் கெடும். வயலினில் செய்யாமல் இருந்தால் எந்தக் காலத்திலும் வராது. இரண்டு வகுப்புகளையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடத்தியபோதுதான் இது எனக்குத் தெளிவானது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பிடித்து நிறுத்திய ஒரு சுரத்தின் சுருதி மேலும் கீழுமாக, ஒரே சீராக, வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 தடவை ஊசலாடினால் காதுக்கு இதமாக இருக்கிறது. 5க்குக் கீழே இறங்கினால் குரல் தள்ளாடும். 8ஐ நெருங்கினால் ஆட்டுக்குட்டி கத்துவது போலாகிவிடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் என்ற உளவியலாளர் 1930களில் பெயர்பெற்ற கலைஞர்களின் அசைவை அளந்து பார்த்தார். சராசரி வேகம் வினாடிக்கு ஆறரை தடவை அளவில் இருந்தது. பாடகர்களின் ஊசல் ஹார்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும் இடைப்பட்ட அகலம். வயலின்காரர்களுடையது அதில் பாதி. அவருடைய இன்னொரு முடிவுதான் ஆசிரியர்களுக்கு முக்கியம். உண்மையில் நடக்கும் ஊசலைவிட மிகக் குறைவாகவே காது அதை உணர்கிறது. நடுவில் உள்ள ஒரு சுருதியைக் கேட்டுக்கொண்டு, மற்றதை ஒலியின் செழுமையாக எடுத்துக்கொள்கிறது. ஆட்டுகிறவருக்குத் தான் எவ்வளவு ஆட்டுகிறோம் என்று தெரியாமல் போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்ட வேண்டும்.

சுருதி அசையாமல் ஒலியின் அளவு மட்டும் கூடிக் குறைவது வேறு விஷயம். மேசை மின்விசிறிக்கு முன்னால் வாயைத் திறந்து 'ஆ' என்று இழுத்துப் பார்க்காத பிள்ளை எங்கே இருக்கிறது? இறக்கைகள் ஒலியை வெட்டி வெட்டி அனுப்பும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்விசிறி இல்லாமல் இங்கே வகுப்பு நடத்த முடியாது. ஆனாலும் அதைப் பாடுகிறவரின் முதுகுப் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். முகத்துக்கு நேரே வைத்தால் தொண்டை காய்வது ஒருபுறம். தன் குரல் நேராக நிற்கிறதா என்று பாடுகிறவருக்கே தெரியாமல் போவது மறுபுறம்.

"நமக்குத்தான் கம்பிதம் இருக்கிறதே, இதை ஏன் தனியாகப் படிக்க வேண்டும்?" என்று பெற்றோர் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சார்ங்கதேவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சங்கீத ரத்னாகரம் 15 கமகங்களை, அதாவது சுரத்தை அசைத்து அழகுபடுத்தும் முறைகளை, சொல்கிறது, கம்பிதம் அதில் ஒன்று. அதுவும் அசைவு, இதுவும் அசைவு. இருந்தும் இரண்டும் செய்கிற வேலை வேறு. இதைப் பேசி விளங்கவைப்பதைவிட ஒரே ஒரு சுரத்தை வைத்துக் காட்டிவிடலாம். தோடி ராகத்திலும் சாதாரண காந்தாரம் (‘க’ சுரத்தின் ஒரு வகை), பூபாள ராகத்திலும் சாதாரண காந்தாரம். ஹார்மோனியத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டைதான். தோடியில் அந்தக் காந்தாரத்தை அசையாமல் நிறுத்தினால் தோடியே இல்லை. ரிஷபத்தை (ரி) ஒட்டிய இடத்திலிருந்து மத்திமத்தை (ம) எட்டும்வரை அது ஆடியாக வேண்டும். பூபாளத்தில், எனக்குக் கற்பித்த முறையில், அதே காந்தாரம் நேராக நிற்கும். கொஞ்சம் அசைத்தாலும் தோடியின் வாடை அடித்துவிடும்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பூபாளத்தை விளக்குவது சுலபம். திருஞானசம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் வருகிறது. அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், புறநீர்மை, அதைப் பூபாளத்தில் பாடுவது வழக்கம். பிரடெரிக் கோட்டை வாசலைக் கடந்து, மான்கள் மேயும் பாதையால் ஏறிப்போய், கோணேசர் சந்நிதியில் பெரியவர்களோடு நின்று அதைப் பாடிப் பழகிய பிள்ளைக்கு நேரான காந்தாரம் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. தலைக்கொரு சுருதியோடு நிற்கிற கூட்டத்தை ஒன்றாகப் பிடித்து வைப்பதே அந்த அசையாத சுரங்கள்தான். யாராவது ஒருவர் சினிமாக் குரலில் அதை ஆட்டினால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

ஆகக் கமகம் ராகத்தின் சொத்து. எங்கே, எவ்வளவு அகலம், எந்தக் காலத்தில் என்பதை ராகம்தான் முடிவு செய்கிறது. வைப்ராட்டோ வாசிக்கிறவரின் ஒலியைச் சேர்ந்தது. நம் இசையில் அதற்கு இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கமகம் படாத ஷட்ஜத்திலும் (ச) பஞ்சமத்திலும் (ப) அது மெல்ல நுழைந்துதான் இருக்கிறது. மேல் ஷட்ஜத்தில் நீண்ட கார்வை பிடிக்கும்போது, அதாவது அந்தச் சுரத்தை நீட்டி நிறுத்தும்போது, முதல் பாதியை நேராக நிறுத்தி, தம்புராவோடு ஒட்டிவிட்டது என்று கேட்பவருக்கு நிச்சயமான பின் இலேசாக அசைத்தால் எனக்கும் பிடிக்கிறது. எடுத்த எடுப்பிலேயே ஆட்டினால் அது சுருதியில் சேர்ந்ததா இல்லையா என்று யார் சொல்வது? வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் மாதங்களில் வைப்ராட்டோப் பயிற்சியை அடியோடு நிறுத்திவிடுவேன். கம்பிதம் இன்னும் உறுதிப்படாத கையில் இரண்டும் கலந்தால், தோடிக் காந்தாரம் குறுகிப்போய் வெறும் நடுக்கமாக மிஞ்சும்.

வைப்ராட்டோவை நான் முறையாகப் பழகியது கோவிலில் அல்ல, தேவாலயத்தில். நகரிலுள்ள தேவாலயம் ஒன்றின் நத்தார் கரோல் நிகழ்ச்சிக்கு வயலின் வாசிக்க ஆள் தேடினார்கள். தெரிந்தவர் ஒருவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர் எழுபதைத் தாண்டியவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். நான் நிலத்தில் சம்மணமிட்டுத்தான் வாசிப்பேன் என்றதும் மறுவார்த்தை பேசாமல் ஓர்கனுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கச் சொன்னார். தனி வயலின் வரும் இடத்தில், "தங்கச்சி, இந்த நீண்ட சுரத்துக்குக் கொஞ்சம் உயிர் கொடுங்கள்" என்பார். நான்கு குரல்களும் சேரும் இடத்தில், "இங்கே அசையாமல் நில்லுங்கள், பிள்ளைகள் உங்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்" என்பார். காரணத்தையும் பாடவைத்தே காட்டினார். மேல் குரல் பாடும் நான்கு பெண்களை ஒரே சுரத்தில் விருப்பப்படி ஆட்டச் சொன்னார், பிறகு நேராகப் பிடிக்கச் சொன்னார். முதலாவதில் அது நான்கு பேர். இரண்டாவதில் ஒரே குரல். கீழே மற்றவர்கள் சேர்ந்தபோது அந்தச் சேர்க்கை கண்ணாடித் தெளிவாகக் கேட்டது.

மேல்நாட்டிலும் இதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. 1751இல் இத்தாலிய வயலின் கலைஞர் ஜெமினியானி, முடிந்த போதெல்லாம் இந்த அசைவைப் பயன்படுத்து என்று எழுதினார். ஐந்தே வருடம் கழித்து லியோபோல்ட் மொஸார்ட், பெயர்பெற்ற மொஸார்ட்டின் தகப்பனார், எல்லாச் சுரத்தையும் ஆட்டுகிறவர்களை ஓயாத காய்ச்சல் பிடித்தவர்கள் என்று கேலி செய்தார். வயலின் கலைஞர் யோசப் யோவாகிம் 1903இல் கொடுத்த ஒலிப்பதிவுகளில் அசைவு அங்கொன்று இங்கொன்றுதான். இடைவிடாத வைப்ராட்டோவை எல்லோருக்கும் பிடிக்கவைத்ததில் வயலின் கலைஞர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லருக்குப் பெரிய பங்கு உண்டு, அது 20ஆம் நூற்றாண்டுக் கதை. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த காலத்தில் ஐரோப்பாவிலேயே அந்த ஓயாத நடுக்கம் வழக்கமாகியிருக்கவில்லை. நாம் எதையோ விட்டுவிட்டோம் என்று கவலைப்படும் மாணவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

இனி விரல். நம் முறையில் வயலினின் தலை வலது கணுக்காலில் தங்குகிறது. மறுமுனை மார்போடு சாய்கிறது. கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. கமகத்துக்கு வசதியான இந்த இருப்பு வைப்ராட்டோவுக்கும் வசதிதான்.

வில்லை முதலில் கீழே வைத்துவிடச் சொல்வேன். இரண்டாம் தந்தியில் நடுவிரல் இயல்பாக விழும் இடத்தில் விரலை வைக்க வேண்டும். நுனியின் சதை தந்தியில் ஒட்டியே இருக்க, நகத்துக்கு அடுத்த கணு மட்டும் மடங்கி நிமிர வேண்டும். விரல் இடம் மாறக்கூடாது, இருந்த இடத்திலேயே உருள வேண்டும். உருளும் திசை கணுக்கால் பக்கம், அதாவது சுருதி குறையும் பக்கம். அங்கிருந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். மேலே போகக்கூடாது என்றுதான் வயலின் ஆசிரியர்கள் பலரும் சொல்கிறார்கள். காது நடுச் சுருதியையே கேட்கிறது என்ற சீஷோரின் முடிவோடு இது முட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தொடக்கத்தில் கீழ்நோக்கியே பழக்குகிறேன். பழகாத விரல் அவசரத்தில் மேலேதான் நழுவும். சுருதி ஏறியதை யாரும் மன்னிப்பதில்லை. கை பழகிய பின் கைப்பேசியில் உள்ள சுருதிமானியின் முள் இரண்டு பக்கமும் ஒரே அளவு சாய்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

வேகத்துக்குத் தாளமானி வேண்டும். நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு உருளல், பிறகு இரண்டு, மூன்று, நான்கு. நான்கு சீராக வந்தபின் 60ஐக் கொஞ்சம் கொஞ்சமாக 90க்கு ஏற்றினால் வினாடிக்கு 6 அசைவு கிடைத்துவிடும். பிள்ளைகள் நேரே அந்த ஆறுக்குத் தாவப் பார்ப்பார்கள், முழங்கைவரை விறைத்துப்போகும். மூன்றில் தடுமாறுகிறவரை நான்குக்கு விடுவதே இல்லை. வில்லைக் கையில் எடுப்பது நான்கு வந்த பிறகுதான். அப்போது புதிதாக ஒரு தொல்லை வரும்: இடது கை அசையும்போது வலது கையும் கூடவே நடுங்கும். முழு வில்லை இழுத்து, ஒலி தடைப்படாமல் வருகிறதா என்பதை மட்டும் சில நாட்கள் கவனிக்க வேண்டும்.

கட்டைவிரல்தான் பெரிய வில்லங்கம். வயலின் கழுத்தை அது நசுக்கினால் மற்ற நான்கு விரல்களும் பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு துண்டுக் கடதாசியைச் செருகிவிடுவேன். நான் இலேசாக இழுத்தால் அது கிழியாமல் கையோடு வர வேண்டும். கிழிந்தால் பிடி இறுக்கம்.

இன்னொன்றை மேல்நாட்டுப் பயிற்சி நூல்களில் காண முடியாது. விரல் வழுக்கிப் போவதற்காக நாம் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்கிறோம். கமகத்துக்கு அது வேண்டியதுதான். வைப்ராட்டோப் பயிற்சிக்கு உட்காரும்போது விரலையும் தந்தியையும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருந்தால் விரல் உருளாமல் சறுக்கும். தந்தியைத் துடைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருவில் உரசும் விரல் சீராக அசையாது. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் பெட்டியை மூடுவதைப் பயிற்சியில் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறேன்.

குரலுக்கு வருவோம். இங்கே மேலே சொன்ன எதுவும் செல்லாது. தாளமானி வைத்து வினாடிக்கு ஆறு தடவை குரலை ஆட்டப் பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போவதில்லை. பாடும்போது குரல்நாணை இழுத்து நீட்டும் சிறு தசை குரல்வளையில் இருக்கிறது. மூச்சு சீராக வந்து, தொண்டை இறுகாமல் இருந்தால் அந்தத் தசையில் இயல்பாகவே ஒரு துடிப்பு எழும். அதுதான் நல்ல வைப்ராட்டோ. தாடையையோ நாக்கையோ வயிற்றையோ ஆட்டிக் கொண்டுவருவது அதைப் போலச் செய்வதுதான்.

தரம் பத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி வந்தாள். நல்ல சாரீரம், ஆனால் எல்லாக் கார்வையிலும் நடுக்கம். கண்ணாடி முன் நிற்கவைத்து, அவளுடைய ஆள்காட்டி விரலை அவளுடைய நாடியிலேயே, அதாவது முகவாயிலேயே, வைத்து 'ஆ' என்று பிடிக்கச் சொன்னேன். குரல் அந்தக் கணமே நேரானது. விரலை எடுத்ததும் நாடி ஆடியது, குரலும் ஆடியது. "ஐயோ ரீச்சர், இது நாடியா?" என்று சிரித்துவிட்டாள். நாடி ஆடாமலும் குரல் நடுங்கினால் அடுத்து வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொல்வேன். அங்கே குத்துக் குத்தாக உந்தல் தெரியும். அப்படி வரும் நடுக்கத்தில் சுருதிமானியின் முள் அதிகம் அசையாது, சத்தம்தான் கூடிக் குறையும்.

அவளுக்குக் கொடுத்த பயிற்சியில் புதுமை ஒன்றும் இல்லை. இளநீர் குடிக்கும் குழாயின் ஒரு முனையை அரைக் கோப்பைத் தண்ணீரில் இரண்டு விரல் ஆழம் அமிழ்த்தி, மறுமுனையில் வாயை வைத்து, 'ஊ' என்று ஊதியபடியே சுரம் பிடிக்க வேண்டும். குமிழிகள் ஒரே சீராக வந்தால் மூச்சு சீர். விட்டு விட்டு வந்தால் எங்கேயோ தள்ளுகிறோம் என்று அர்த்தம். பிறகு குழாயை எடுத்துவிட்டு அதே சுரத்தை 'ஆ'வில், மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெல்லக் குறைத்து முடிக்க வேண்டும். நேரான குரலைக் கேட்க அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. "வெறுமையாக இருக்கிறது" என்றாள். வெறுமையாகத்தான் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பருவம் கழிந்து, மேல் ஷட்ஜத்தை அலட்டிக்கொள்ளாமல் பிடித்திருந்தபோது அதன் கடைசியில் குறுகலாக, சீராக ஒரு அசைவு வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை அதைச் செய்ய முயல்வாள்.

முதியவர்களின் குரல் வேறு கதை. என் அம்மா மார்கழியில் கோவிலில் திருவெம்பாவை பாடும் குழுவில் இருக்கிறார். அங்கே பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். வயதோடு தசை தளர்ந்து மூச்சும் குறையும்போது இயல்பான அசைவு மெதுவாகி அகன்றுவிடும். அவர்களிடம் போய் நேராகப் பிடியுங்கள் என்றால் தொண்டையை இறுக்குவார்கள், தள்ளாட்டம் இன்னும் கூடும். செய்யக்கூடியவை சில உண்டு. இளமையில் பாடிய ஐந்தரைக் கட்டைச் சுருதியை விட்டு நாலரைக்கு இறங்கினால் பாதிச் சிக்கல் தீரும். இதற்குத்தான் அம்மாவோடு நீண்ட வாக்குவாதம். "அந்தச் சுருதியில் பாடித்தானே எங்களுக்குப் பழக்கம்" என்பார். அடியை இரண்டாகப் பிரித்து நடுவில் மூச்சு எடுப்பதும், காலையில் வாயை மூடிக் கீழ்ச் சுரங்களில் சற்று நேரம் முனகிப் பழகுவதும் பலன் தருகின்றன. பாடும்போது மட்டுமல்லாமல் பேசும்போதும் குரல் நடுங்கினால் அதைச் சங்கீத ஆசிரியையிடம் கொண்டுவரக்கூடாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சென்ற மார்கழியில் நாலரைக் கட்டைக்கு ஒப்புக்கொண்டார்கள். குரல்களும் நன்றாகவே சேர்ந்தன. இனி ஒலிபெருக்கிக்காரத் தம்பியிடம் பேச வேண்டும். முதியவர்கள் மைக்கைப் பிடித்ததும் பக்தி கூடட்டும் என்று எதிரொலியை முழுவதும் திருகி வைக்கிறார். ஒரு தள்ளாட்டம் மூன்றாகக் கேட்கிறது.